சங்கரநாராயணர் பலகை

எங்கள் வீட்டுப் படத்தில் விரிசல் விழுந்ததை முதலில் பார்த்தது அம்மா. சித்திரை மாசத்து வெள்ளிக்கிழமை. பூச்சரம் சாத்தப் போனவள், "ஏய்யா, இங்க வந்து பாரு, சாமி பொளந்து கெடக்கு" என்று கூப்பிட்டாள். குரலில் இருந்த நடுக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், கிரீடத்தின் உச்சியில் தொடங்கி நெற்றி, மூக்கு, மார்பு என்று பாதம் வரைக்கும் ஒரே நேர்கோடாக இறங்கியிருந்தது விரிசல். தங்க ரேக்கு இரண்டு ஓரமும் லேசாக மேலெழும்பி நின்றது.

படம் சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். ஒரு பக்கம் சடை, மழு, புலித்தோல்; மறுபக்கம் கிரீடம், சங்கு, பீதாம்பரம். சிவன் பாதி திருநீற்று வெள்ளை, பெருமாள் பாதி கருநீலம். சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் வழக்கு வந்ததும், இருவரும் ஒருவரே என்று காணக் கோமதி அம்மன் தவமிருந்ததும் இந்த ஊர்க் குழந்தைகள் சோற்றோடு சேர்த்து விழுங்குகிற கதை. ஆடித் தபசு அன்று சாமி அந்தக் கோலத்தில்தான் காட்சி கொடுக்கிறார். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட படத்தில், இரண்டு பாதியும் சேருகிற கோட்டிலேயே விரிசல் விழுந்தால் அம்மா என்ன நினைப்பாள்? சகுனம் என்றாள். எனக்கோ அது எப்படி அங்கே விழுந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

தாத்தாவின் கல்யாணச் சீரில் வந்த படம் அது. கோரைப்பாயில் சுருட்டி, மேலே இரண்டு சேலையைச் சுற்றி, விருதுநகரிலிருந்து தென்காசி போகும் மீட்டர்கேஜ் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். ஆச்சி இருந்தவரை அதைத் தொடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். ஈரத்துணி அதன் பக்கம் போகவே கூடாது. கண்ணாடியைக்கூட மயிலிறகால்தான் தட்டுவாள். ஏன் என்று கேட்டால், "தண்ணி பட்டா சாமி கரஞ்சிரும்" என்பாள். அது பயமுறுத்தல் அல்ல, பொருளறிவு என்று புரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

நாம் தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்வதற்குப் பழைய பெயர் பலகைப் படம். அந்தப் பெயரே சரியான பெயர் என்று நினைக்கிறேன். முன்னால் தெரிவது தங்கமும் வண்ணமும். ஆனால் படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பின்னால் இருக்கிற பலகை. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜி இருந்த 1798–1832 காலத்தில், இந்தக் கலை செழித்தது. அன்றைய ஓவியர்கள் பலகைக்கு எடுத்தது பலாமரம். தஞ்சாவூர் வீணைக்கும் அதே பலாதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலா வீணைக்குப் பேர்போனது. வெட்டியதும் நல்ல மஞ்சளாக இருக்கும், காலம் போகப்போகத் தேன் நிறத்துக்கு வரும். கரையான் எளிதில் அண்டாது. எங்கள் ஊரில் இது சின்ன விஷயமல்ல. கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். அதை நெற்றியில் இட்டு, தண்ணீரில் கரைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் படத்துக்குக் கீழேயே ஒரு பித்தளைச் சிமிழில் புற்றுமண் இருக்கும். புற்றைக் கட்டுகிற கரையான் அந்தப் படத்தை இத்தனை வருஷமும் தொடவில்லை.

பலகை மேல் நேரடியாக வண்ணம் ஏறாது. முதலில் துணி ஒட்ட வேண்டும். காடாத்துணியை ஒன்றிரண்டு மடிப்பு, காற்றுக் குமிழ் இல்லாமல் நீவி நீவி ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எடுத்த பசை புளியங்கொட்டை.

இந்தக் கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் தெருத் தெருவாகத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் புளி தட்டுவார்கள். சாணிப்பாலிட்ட முற்றத்தில் கொட்டை குவிந்து கிடக்கும். ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளை காட்டினால் தாயக்கட்டை. உரசாமல் வைத்தால் பல்லாங்குழிக் காய். மிச்சத்தை எடைக்கு வாங்க வியாபாரி வருவார். அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று சின்ன வயதில் யாரும் சொன்னதில்லை. ஒரு பங்கு நூலுக்குக் கஞ்சி போடப் போயிற்று. பாவு நூல் அறுபடாமல் தறியில் ஓட புளியங்கொட்டை மாவு நல்ல கஞ்சி. ராத்திரி பகலாக விசைத்தறிச் சத்தம் கேட்கிற இந்த ஊரில் எங்களுக்கு அது தெரியாமல் போனது ஆச்சரியம்.

பசை செய்வது ஒரு நாள் வேலை. கொட்டையை வறுத்தால் பழுப்புத் தோல் வெடிக்கும். தோலை நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை ஊறவைத்து, அம்மியில் வழுவழுவென்று அரைத்து, தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கூழ் பதம் தாண்டி, கரண்டியிலிருந்து நாடா மாதிரி இறங்கும்போது இறக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது அரிசிக் கஞ்சியைவிட உறுதியாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. புளியங்கொட்டைப் பருப்பில் இருப்பது அரிசியில் உள்ள மாவுச்சத்து அல்ல, சைலோகுளுக்கன் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலி. செடிகொடிகள் தங்கள் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளோடு சேர்த்துப் பின்னி வைத்திருப்பதும் இந்த வகைப் பொருளைத்தான். பருத்தித் துணி செல்லுலோஸ், மரத்திலும் பெரும்பங்கு அதுவே. அந்தப் பசை இரண்டையும் சொந்தக்காரனைப் போலப் பிடித்துக்கொள்கிறது. ரசாயனம் தெரியாமலே கைப்பழக்கத்தில் இதைக் கண்டுபிடித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

துணி காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடியையும் கோந்தையும் குழைத்துப் பூச்சு. ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று. கூழாங்கல்லால் தேய்த்து முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கி, அதன்மேல் கோட்டுப்படம். நகை, தூண், திருவாசி வருகிற இடங்களில் சுக்கான் மாவும் பசையும் கலந்த மக்கை வைத்துப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கடைசியில்தான் வண்ணம். பழைய நாளில் சாதிலிங்கச் சிவப்பு, அவுரி நீலம், விளக்குப் புகைக்கரி. அந்தப் பொடிகளைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது வேலம்பிசின். அது தண்ணீரில் கரைந்து வந்தது, எத்தனை வருஷம் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். ஆச்சி சொன்னது அதைத்தான்.

விரிசலைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருந்த நாட்களில் சென்னையில் ஒரு நண்பரின் ஓவியக் கூடத்துக்குப் போயிருந்தேன். அவர் முட்டை டெம்பரா வரைகிறவர். மேசை மேல் ஒரு பலகை, வெள்ளைப் பூச்சோடு காய்ந்துகொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படத்தின் வண்ணம் உதிர்ந்த மூலையைத் தொட்டது போலவே இருந்தது. என்ன என்று கேட்டால், பலகை மேல் துணி, துணி மேல் பசையும் வெள்ளைக்கல் பொடியும் என்றார். நான் ஆடிப்போனேன்.

அவர் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை வடியவிட்டு, மஞ்சள் கருவை மட்டும் உள்ளங்கையில் ஏந்தினார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, ஒவ்வொரு தடவையும் காலியான கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி உருட்டினார். ஈரம் போய் அது ஒரு சின்னப் பழம் மாதிரி உலர்ந்து நின்றது. பிறகு இரண்டு விரலால் அதன் தோலைக் கிள்ளித் தூக்கி, கிண்ணத்துக்கு மேலே தொங்கவிட்டு, ஊசியால் அடியில் ஒரு குத்து. மஞ்சள் மொத்தமும் கீழே இறங்கிற்று, கையில் வெறும் சவ்வு. கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் அரைத்த காவிப்பொடி; வண்ணம் தயார். தூரிகை வைத்த கோடு நான் மூச்சு விடுவதற்குள் காய்ந்துவிட்டது. அதனால் எண்ணெய் வண்ணம் போல இழைத்துக் கலக்க முடியாது. மயிரிழைக் கோடுகளைப் பக்கம் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுத்தான் கன்னத்தின் உருட்சி வரும். மஞ்சள் கருவில் எண்ணெயும் நீரும் இருக்கின்றன. இரண்டையும் பிரியவிடாமல் சேர்த்து வைத்திருப்பது லெசித்தின். நீர் உடனே ஆவியாகிறது. எண்ணெயும் புரதமும் மாதக்கணக்கில் மெல்ல இறுகி, பிறகு தண்ணீருக்கு அசையாது. முட்டையின் மஞ்சளும் வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுத்துவிடும், வண்ணத்தைக் கெடுக்காது.

1400ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தொழில் கற்பவர்களுக்காக எழுதிய கைநூல் இதற்கெல்லாம் மூலம். பலகையைத் தேர்ந்தெடுப்பது, பசை காய்ச்சுவது, எண்ணெய்ப்பிசுக்கு இல்லாத பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து ஒட்டுவது, வெள்ளைப் பூச்சுக்கான ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் போட்டு நாள்தோறும் கிண்டுவது, தங்க ரேக்கை மிருகத்தின் பல்லால் தேய்த்து மினுக்குவது என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறார். முட்டையில்கூடப் பேதம் பார்க்கிறார். நகரத்துக் கோழி முட்டையின் கரு வெளிறியது, இளம்பெண் முகத்துக்கு ஆகும். நாட்டுப்புறத்துக் கோழியின் கரு சிவந்தது, வயதானவர்கள், கறுத்தவர்கள் முகத்துக்கு ஆகும். இதைப் படித்தபோது அந்த மனிதர் எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

ஆக, பலகை, துணி, வெள்ளைப் பூச்சு, தங்கம், வண்ணம் என்ற அடுக்கு இரண்டு ஊரிலும் ஒன்று. அங்கே நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரம், இங்கே பலா. அங்கே தோலைக் காய்ச்சிய பசை, இங்கே புளியங்கொட்டை. அங்கே முட்டை, இங்கே வேலம்பிசின். நம் நாட்டில் தோல்பசையே இருந்ததில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் சோமேசுவரன் பெயரில் உள்ள மானசோல்லாசத்தில், எருமைத்தோலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ரலேபம் ஓவியத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பூஜை அறையில் மாட்டப்போகிற படம் என்றால், கொட்டையும் பிசினும்தான் எங்கள் ஆச்சிமாருக்கு மனசுக்கு ஒப்பியிருக்கும்.

ஊர்வலமும் ஒன்றுதான். துச்சியோ வரைந்த மாயெஸ்தா என்ற பெரிய பலிபீடப் பலகையை, 1311 ஜூன் 9 அன்று அவருடைய கூடத்திலிருந்து சியன்னா நகரத்துப் பேராலயத்துக்கு ஊரே சேர்ந்து தூக்கிப் போனது. கடைகளை அடைத்தார்கள், மணிகள் ஒலித்தன. மரப்பலகையில் முட்டையால் வரைந்த மாதா, நகரத்துக்கே காவல். இதைப் படிக்கிற சங்கரன்கோவில்காரனுக்குக் கண்முன் வருவது தபசு மண்டபமும், விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்மனுக்கு வீசுகிற கரிசல்காட்டுச் சனமும்தான். அந்தப் பலகையை 1771இல் ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார்கள். இன்று அதன் துண்டுகள் லண்டனிலும் வாஷிங்டனிலும் மாட்ரிடிலும்கூட இருக்கின்றன. நீரின் கதை இன்னும் கொடுமை. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு ஃபுளோரன்சுக்குள் புகுந்தபோது, சிமாபுவே வரைந்த பெரிய சிலுவைப் பலகை வெள்ளத்தில் நின்றது. மரம் ஊதிற்று, அடிப்பூச்சு இளகிற்று, வண்ணத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் போயிற்று. முட்டை தாங்கினாலும் கீழே இருப்பது தாங்க வேண்டுமே.

சென்னினியின் நூலை 1899இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற பெண் ஓவியர். புத்தகத்தில் சொன்னபடி முட்டை உடைத்துச் செய்து பார்த்து, மறந்துபோயிருந்த முறையை இங்கிலாந்தில் மீட்டவர். 1901இல் டெம்பரா ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. அவர் அதோடு நிற்கவில்லை, அஜந்தாவுக்கு வந்தார். 1909 முதல் 1911 வரை குளிர்காலங்களில் குகைக்குள் ஏணி போட்டு அந்த ஓவியங்களைப் படியெடுத்தார். உதவிக்கு வந்த இளைஞர்களில் நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார், கர்நாடகத்து வெங்கடப்பா இருந்தார்கள். 1915இல் அந்தப் படிகள் அஜந்தா ஃபிரெஸ்கோக்கள் என்ற பெயரில் நூலாக வந்தன. பெயர் ஃபிரெஸ்கோ என்றாலும், அஜந்தாவில் ஈரச் சுண்ணாம்பில் வரையவில்லை. உமியும் நாரும் கலந்த மண்பூச்சு காய்ந்த பிறகு, பசை கலந்த வண்ணத்தில்தான் வரைந்திருக்கிறார்கள். அதுவும் டெம்பராவின் குடும்பம். முட்டை வழி போன ஒரு பெண் பிசின் வழி வரைந்தவர்களின் குகையில் போய் நின்றதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அந்தச் சுவர் அந்நியமாக இருந்திருக்காது.

விசாரித்து விசாரித்து, தஞ்சாவூரில் பழைய படங்களைச் சீர்செய்கிற ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். பாயில் சுருட்டி, மேலே அம்மாவின் சேலையைச் சுற்றி, வந்த மாதிரியே கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. குப்புறப் போட்டார்.

"தம்பி, இந்தக் குறுக்குச் சட்டத்துக்கு ஆணி அடிச்சது யாரு?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி சட்டம் மாத்தக் கொடுத்தோங்கய்யா. பலகை முன்பக்கமா வளைஞ்சிருக்குன்னு நிமித்தி அடிச்சுக் கொடுத்தாங்க."

"மரத்தோட கையக் கட்டிப் போட்டுட்டாங்களே."

பிறகு நிதானமாகச் சொன்னார். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து விரியும், பங்குனி, சித்திரையில் வற்றிச் சுருங்கும். முன்பக்கம் துணியும் பூச்சும் இருப்பதால் ஈரம் போவதும் வருவதும் பின்பக்கம் வழியாக. அதனால் காலப்போக்கில் பின்பக்கம் கூடுதலாகச் சுருங்கி, பலகை முன்பக்கமாகப் புடைக்கும். அது குறையில்லை, வயது. பழைய ஆசாரி அதற்கென்றே பின்னால் பள்ளம் இழைத்து, ஆணி இல்லாமல், நகர்ந்து கொடுக்கிற மாதிரிச் சட்டத்தைச் செருகியிருந்தார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பாணி அடித்ததும், சுருங்க வழியில்லாத பலகை தன் நலிந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது. நலிந்த இடம் நடுவில் இருந்த இணைப்பு. அகலமான பலா கிடைக்காமல் ஒரே அளவுள்ள இரண்டு பலகையைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். சாமியின் பாதியும் பலகையின் பாதியும் ஒரே கோட்டில் வந்தது அப்படித்தான்.

போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ரெண்டு பலகையத்தான் ஒண்ணா ஒட்டி வச்சிருந்திருக்காங்க" என்றாள். குரல் தெளிந்திருந்தது.

வேலை மூன்று மாதம் ஆயிற்று. முதல் பல வாரங்கள் அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஆணிகளைப் பிடுங்கி, பலகையை ஈரப்பதமான நிழலில் கிடத்தி, அது தானாகத் தளர்ந்து வரக் காத்திருந்தார். இணைப்பை ஒட்ட இன்றைய மரப்பசைதான். ஆனால் அதன்மேல் வைக்கிற துணிக்குப் பழைய பசை வேண்டும் என்றார். "வீட்ல பழைய வேட்டி இருக்கா தம்பி? எண்ணெய் பட்டிருக்கக் கூடாது." சென்னினி கேட்ட அதே துணி. அப்பா கட்டி நைந்த, எங்கள் ஊர்த் தறியில் நெய்த பருத்தி வேட்டி ஒன்றை அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். அரைச் சாண் அகலத்துக்குக் கிழித்து, புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து, கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனார். நூல் ஒவ்வொன்றும் மரத்தின் மேல் படிவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு சுக்கான், பிறகு ரேக்கு, கடைசியில் ஒற்றை மயிர்த் தூரிகையில் வெள்ளையும் நீலமும். புது ரேக்கைப் பழசு மாதிரி மங்கவைக்க அவர் சம்மதிக்கவில்லை. "இதுக்கும் வயசாகும்" என்றார். பின்பக்கம் ஆசாரி இழைத்த அதே பள்ளத்தில், ஆணி இல்லாமல், புதுச் சட்டம் நகர்ந்து உட்கார்ந்தது.

ஆவணியில் படம் வீட்டுக்கு வந்தது. விளக்கேற்றினால் நடுவில் ஒரு மெல்லிய வரி பளிச்சிடுகிறது, பகலில் தெரிவதில்லை. சுவரோடு ஒட்டி மாட்டக் கூடாது, பின்னால் காற்று போக வேண்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா கொல்லையில் கிடந்த புளியமரக் கட்டையில் விரல் பருமனுக்கு நாலு துண்டு நறுக்கித் தரச் சொன்னாள். மூலைக்கு ஒன்றாக வைத்து மாட்டினோம்.